ஹர்த்தால் அன்று தள்ளிய வண்டி

நேமம், திருவனந்தபுரம்
ஞாயிறு மத்தியானம்

அன்பு மகன் பிரபினுக்கும் மருமகள் ரெஷ்மாவுக்கும் அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் அம்மாவும் இங்கே சுகம், உங்கள் இருவர் பேரையும் சொல்லாமல் எங்கள் ராத்திரி ஜெபம் முடிவதில்லை, மஸ்கட்டில் நீங்களும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் இதை எழுத உட்கார்ந்தேன். இங்கே ஐப்பசித் துலாமழை பிடித்துக்கொண்டது. மத்தியானம்வரை வெயில் கொளுத்தும், சாயங்காலம் ஆனால் இடியும் மின்னலுமாகக் கொட்டித் தீர்க்கும். கொடியில் காய்வதை எடுக்க அம்மா ஓடுவாள், வண்டிக்கு மூடுதுணி போட நான் ஓடுவேன், இரண்டு பேரும் வாசல்படியில் முட்டிக்கொள்ளாத நாள் இல்லை. அம்மாவுக்கு முட்டுவலி பரவாயில்லை. ரெஷ்மா கொடுத்தனுப்பிய தைலம் நன்றாகக் கேட்கிறதாம், ஆனால் நாற்றம் பிடிக்கவில்லையாம். மீன் கழுவின கையோடு எடுத்துத் தேய்த்தால் எந்தத் தைலம் மணக்கும் என்று கேட்டுவிட்டேன், அதற்கு அரை நாள் பேசாமல் இருந்தாள்.

முதலில் ஒரு காரியம். போன வாரம் நீ போனில் கூப்பிட்டபோது, புது வண்டிக்கு நாலு மாசத்தில் பேட்டரி போகுமா, இதை இப்படியே விடக்கூடாது, நான் இங்கிருந்தே கம்பெனிக்கு ஈமெயில் போட்டு ஒரு கை பார்க்கிறேன் என்று சொன்னாய். போடாதே மக்களே. போட்டுவிட்டாய் என்றால், விஷயம் தெரியாமல் எழுதிவிட்டேன், வண்டிக்கு ஒரு குறையும் இல்லை என்று உடனே இன்னொன்று போட்டுவிடு. பேட்டரி கெடவில்லை. வண்டி வந்த நாளிலிருந்து இன்றுவரை அது ஒரு தடவைகூட என்னைக் கைவிட்டதில்லை. பொய் சொன்னது நான். உன்னிடம் மட்டும் என்று நினைக்காதே, எதிர்வீட்டு ஞானசிகாமணி மாமாவிடமும், ராஜபாய் மாமியிடமும், சபையில் பாதிப் பேரிடமும், உன் அம்மாவிடமும் அதே பொய்தான். போனில் சொல்லிவிடலாம் என்றால் போன் இருக்கிற முன்னறையில்தான் அம்மா உட்கார்ந்து காய் நறுக்குவாள், உன் போன் என்று தெரிந்ததும் ராஜபாய் மாமியும் உன் குரலைக் கேட்க ஓடி வந்துவிடுவாள், அவர்கள் இரண்டு பேர் முகத்துக்கு முன்னால் எனக்கு வாய் வராது. இந்தக் கடிதத்தை ரெஷ்மாவிடம் காட்டுவதும் காட்டாததும் உன் இஷ்டம். அம்மாவிடம் மட்டும் ஒரு வார்த்தை விட்டுவிடாதே.

நீ வண்டியைப் படத்தில்தான் பார்த்திருக்கிறாய். ஆபீசுக்குப் போய்வந்த காலம் முழுக்க ஸ்கூட்டரில் நனைந்தும் காய்ந்தும் போனவன், பென்ஷன் ஆனபிறகு கார் ஓட்டக் கற்றுக்கொண்டு ஒரு வண்டி வாங்கினால் எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. பல் தேய்ப்பதற்கு முன்னால் வண்டியைத் துடைக்கிறேன். சீட்டுக்கு மேல் போட்டு அனுப்பிய பிளாஸ்டிக் உறையை இன்னும் கழற்றவில்லை. உட்கார்ந்தால் சரசரவென்று சத்தம், வெயிலில் முதுகு வெந்துபோகும், அதைக் கழற்றித் தொலையுங்கள் என்று அம்மாவும் சொல்லிப் பார்த்துவிட்டாள், மனசு வரவில்லை. மாமரத்துக்குக் கீழே நிறுத்தினால் காக்கை, தென்னைக்குக் கீழே நிறுத்தினால் தேங்காய், கேட்டுக்கு வெளியே நிறுத்தினால் எந்தப் பயலாவது ஆணியால் கோடு போட்டுவிட்டுப் போவான். எலி உள்ளே புகுந்து ஒயரைக் கடிக்கிறது என்று சொன்னதற்குப் புகையிலையைப் பொட்டலம் கட்டித் தொங்கவிடச் சொன்னார்கள். தொங்கவிட்டேன். எலி போகவில்லை, அம்மாவுக்குத் தும்மல்தான் வந்தது. ஆராதனை முடிந்து வெளியே வந்தால் வண்டிக்காரர்கள் நாங்கள் தனிக்கூட்டம். லிட்டருக்கு எவ்வளவு கிடைக்கிறது என்று கேட்டால் ஒருத்தனும் உள்ளதைச் சொல்லமாட்டான், பிரசங்கம் கேட்ட கையோடு கூட்டிச் சொல்லுவான், நானும் கூட்டித்தான் சொல்லுகிறேன். ரிவர்ஸ் எடுக்கும்போது அம்மா பின்னால் நின்றுகொண்டு வாங்க வாங்க வாங்க என்பாள், மதிலில் இடித்த சத்தம் கேட்டதும் நில்லுங்க என்பாள். பம்பரில் ஒரு நசுங்கல் அப்படி வந்ததுதான், அதற்கு நான் அவளைத் திட்டிய திட்டை இப்போது நினைத்தால் வெட்கமாயிருக்கிறது.

வண்டி வந்த அன்று போதகர் வந்து ஜெபம் பண்ணினார். சபையில் புதுவண்டி வந்தால் அதன்மேல் கைவைத்து ஜெபிக்காமல் யாரும் ஓட்டமாட்டார்கள் என்று உனக்குத் தெரியும். வீட்டு முற்றம் கொள்ளாத கூட்டம். ஞானசிகாமணி மாமாதான் பாட்டை எடுத்துக் கொடுத்தார். சபையில் ஆர்கன் வாசிக்கிறவர் அல்லவா, ஆர்கன் இல்லாமலே அவர் தொண்டையில் சுருதி நிற்கும். ஜெபம் முடிந்ததும் இரண்டு வார்த்தை சொல்லச் சொன்னார்கள், இது என் வண்டி இல்லை, நம்ம தெருவுக்கு ஆண்டவர் கொடுத்த வண்டி, யாருக்கு எந்த நேரத்தில் முடியாமல் வந்தாலும் வந்து கதவைத் தட்டுங்கள் என்று சொல்லிவிட்டேன். பொய்யாகச் சொல்லவில்லை பிரபின். அன்றைக்கு அதை முழு மனசோடுதான் சொன்னேன். எல்லோரும் ஆமென் என்றார்கள்.

தட்டவும் செய்தார்கள். முதல் மாசம் நான் சந்தோஷமாகத்தான் போனேன். கண் ஆபரேஷனுக்கு ஒருத்தர், பெண்பார்க்க வந்தவர்களைத் தம்பானூர் ஸ்டேஷனில் கொண்டுவிட ஒருத்தர், நெய்யாற்றின்கரையில் துக்கவீட்டுக்கு ஒரு குடும்பமே. பிறகு எனக்கு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட ஆரம்பித்தது. சேற்றுக்காலோடு ஏறுகிறார்கள். நனைந்த குடையைச் சீட்டில் சாய்த்து வைக்கிறார்கள். கதவைப் பஸ் கதவு மாதிரி அறைந்து சாத்துகிறார்கள், எனக்கு நெஞ்சில் அறைந்த மாதிரி இருக்கும். பாலராமபுரம் தாண்டும்போது ஒரு குழந்தை வாந்தியெடுத்தது, குழந்தைக்கு என்ன ஆச்சு என்று கேட்பதற்கு முன்னால் நான் திரும்பிச் சீட்டைத்தான் பார்த்தேன். அதன்பிறகு கேட் சத்தம் கேட்டால் போதும். வந்தவர் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே, இன்றைக்கு சர்வீஸுக்கு விடவேண்டும், நாளைக்குப் பென்ஷன் ஆபீசுக்குப் போகவேண்டும் என்று நானாகச் சொல்லித் தொலைப்பேன். சொல்லி முடித்தால் பாவம் அவர் அடுக்களைக்குக் கருவேப்பிலை கேட்டு வந்திருப்பார்.

இதற்கு நடுவில் இந்த ஹர்த்தால். பந்த் கூடாது என்று கோர்ட் சொன்னபிறகு ஹர்த்தால் என்று பேரை மாற்றிக்கொண்டு அதையேதான் செய்கிறார்கள். விடிந்தால் பஸ் இல்லை, ஆட்டோ இல்லை, பெட்டிக்கடைகூடத் திறக்காது. இந்தக் கட்சி விட்டால் அந்தக் கட்சி, நமக்கு எல்லாம் ஒன்றுதான். ஆஸ்பத்திரி என்று பேப்பரில் எழுதி முன்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு போனால் விட்டுவிடுவார்கள் என்பார்கள், ஆனால் முந்தின ஹர்த்தாலில் பாப்பனங்கோட்டுப் பக்கம் ஒரு வண்டியின் முன்கண்ணாடியைக் கல்லால் அடித்து நொறுக்கியிருந்ததை என் கண்ணால் பார்த்தேன். நம்முடைய மாதிரியே வெள்ளை வண்டி. சீட்டு முழுக்கக் கண்ணாடித்தூள். அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

போன மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை ஹர்த்தால். காலையில் நான் முற்றத்தில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன், ஞானசிகாமணி மாமா சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடி வருகிறார். ராஜபாய் மாமிக்கு ராத்திரியிலிருந்தே இழுப்பு, மருந்தடிக்கிற பம்ப் காலியாகிவிட்டது, மெடிக்கல் காலேஜில் கொண்டுபோனால்தான் சரியாகும், வண்டியை எடும் வே என்கிறார். எனக்குக் கண்முன்னால் வழியில் வருகிற கரமனைப் பாலமும், தம்பானூரும், அந்த வெள்ளை வண்டியும்தான் வந்தது. மாமியின் முகம் வரவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது, பேட்டரி செத்துப் போச்சு வே, காலையிலேருந்து நானும் பாக்கேன், ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது என்று. யோசித்துச் சொன்னது இல்லை. ஆனால் யோசிக்காமல் இவ்வளவு சுத்தமாக ஒரு பொய் வருகிறது என்றால் அது எத்தனை நாளாக உள்ளே தயாராக இருந்திருக்க வேண்டும். அவர் போய்விடுவார், வேறு யாரையாவது பார்ப்பார் என்று நினைத்தேன். அவரோ, அதுக்கென்ன வே, நம்ம தெரு இறக்கந்தானே, தள்ளிப் பாப்போம் என்று சொல்லிவிட்டு, ஹர்த்தால் ஆனதால் நடுரோட்டில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த பிஜுவையும் கூட்டாளிகளையும் கைதட்டிக் கூப்பிட்டார்.

பயல்கள் மட்டையைப் போட்டுவிட்டு வந்தார்கள். அங்கிள் உள்ள இருந்தா போதும், பாக்கி நாங்க நோக்கிக்கிடுவோம் என்றான் பிஜு. நான் என்ன செய்வேன் சொல். உள்ளே ஏறி உட்கார்ந்தேன். ஸ்டியரிங் பூட்டு விடுகிற அளவுக்குச் சாவியைத் திருப்பினேன். இன்னும் ஒரு திருப்புத் திருப்பினால் வண்டி பூனைக்குட்டி மாதிரி உறுமும், அது எனக்குத் தெரியும், திருப்பவில்லை. பின்னாலிருந்து தள்ளினார்கள். எதிர்வீட்டு வாசலில் நாற்காலி போட்டு மாமியை உட்கார வைத்திருந்தார்கள், வெள்ளைச் சேலை, மடியில் கைப்பை, ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் இரண்டும் தூக்கித் தூக்கிப் போடுகிறது, அம்மா பக்கத்தில் நின்று விசிறுகிறாள். வண்டி அசைந்ததும் மாமி கையைத் தூக்கி ஆண்டவரே என்றாள், அது எனக்குக் கண்ணாடி வழியாகத் தெரிந்தது. நான் இரண்டாம் கியரில் போட்டுக் கிளச்சை விட்டேன், வண்டி உதறி உதறி நின்றது, நடிப்புக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. வளைவில் கரண்ட் கம்பம் வந்ததும் பிரேக்கைப் பிடித்தேன். எல்லோரும் மூச்சு வாங்கினார்கள். மாமா ஜன்னல் பக்கம் வந்து குனிந்து என் முகத்தைப் பார்த்தார். இன்னும் ஒருக்க பாப்போமா வே என்று கேட்டார். நான் பாப்போம் என்றேன்.

இரண்டாவது தடவை வளைவிலிருந்து மெயின்ரோட்டு முனைவரை தள்ளினார்கள். அங்கே சிமெண்டுத் தரையில் பாசி பிடித்துக் கிடக்கிறதே, உனக்குத் தெரியும், அதில் மாமாவின் செருப்பு வழுக்கிவிட்டது. வண்டி முன்னால் போய்விட்டது, அவர் கையை ஊன்றி விழுந்தார். திரும்பிப் பார்க்கிறேன், வலது கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு சேற்றில் உட்கார்ந்திருக்கிறார். அப்போதாவது திருப்பியிருக்கலாம் அந்தச் சாவியை. மூச்சு முட்டுகிற பெண்ணையும் கை ஒடிந்த மனுஷனையும் ஏற்றிக்கொண்டு கல் விழுந்தால் விழட்டும் என்று போயிருக்கலாம். போகவில்லை. இப்போது வண்டி ஸ்டார்ட் ஆனால் இத்தனை பேர் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்றுதான் எனக்கு ஓடியது. கண்ணாடி உடையும் என்ற பயம்கூட அப்போது இல்லை பிரபின், என் மானம்தான் இருந்தது. அதைத்தான் என்னால் சகிக்கமுடியவில்லை. அந்நேரம் மெயின்ரோட்டில் பால்வண்டி வந்தது, ஹர்த்தாலிலும் பாலை விடுவார்கள் அல்லவா, பிஜு குறுக்கே போய் நின்று கையைக் காட்டி நிறுத்தினான். மாமியைத் தாங்கிக் கூட்டிவந்து டிரைவர் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். மாமா பின்னால் பால் கூடைகளுக்கு நடுவில் ஏறினார். ஏறும்போது, வருத்தப்படாதையும் வே, வண்டின்னா அப்படித்தான் என்று எனக்குச் சமாதானம் சொல்லிவிட்டுப் போனார்.

வண்டியை மேலே தள்ளிக்கொண்டு போக ஆளில்லை, பிஜு அவர்களோடு போய்விட்டான், மற்றப் பயல்களால் மட்டும் மேட்டில் தள்ளமுடியாது, நானாக ஓட்டிக்கொண்டும் போகமுடியாது. அதனால் எந்த ரோட்டுக்கு வண்டியை எடுக்கப் பயந்தேனோ அதே மெயின்ரோட்டு முனையில் சாயங்காலம்வரை வண்டிக்குள் உட்கார்ந்திருந்தேன். ஹர்த்தால்காரர்கள் கொடியோடு வந்தார்கள். ஒருத்தன் குனிந்து, எந்தா சேட்டா, வண்டி கேடாயோ, தள்ளித் தரணுமா என்று கேட்டான். வேண்டாம் தம்பி என்றேன். குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஒரு கல் விழவில்லை. அன்றைக்கு யாராவது ஒரு கல்லை எறிந்திருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாயிருந்திருக்கும்.

பால்வண்டிக்காரர் கரமனைக்கு இப்புறமே ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டாராம். மாமிக்கு மூக்கில் வைத்து மருந்துப்புகை கொடுத்ததும் மூச்சு சீரானது, கர்த்தருக்கு ஸ்தோத்திரம், இன்னும் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னாராம். மாமாவுக்கு மணிக்கட்டு எலும்பு ஒடிந்து மாவுக்கட்டு. திரும்பி வந்ததிலிருந்து மாமி தெருவில் பார்க்கிறவர்களிடமெல்லாம், ராஜையண்ணன் முகத்தைப் பாக்கணுமே, எம்பிடு சங்கடப்பட்டாரு தெரியுமா, வண்டி முனையில கிடந்துது, அவரு சோறுதண்ணி இல்லாம காவல் இருந்தாரு என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். அம்மா எனக்கு அன்று ராத்திரி வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். அதற்கு முந்தி, ஹர்த்தால் முடிந்ததும், நான் பொய்க்குப் பொய்யாகப் பேட்டரியைக் கழற்றி, சார்ஜுக்குக் கொண்டுபோகிறேன் என்று ஸ்கூட்டரில் வைத்துக் கரமனைவரை ஓட்டிக் கொண்டுபோய்விட்டு அப்படியே திரும்பக் கொண்டுவந்து மாட்டி, வண்டியை வீட்டுக்கு ஓட்டிவந்தேன். நீ போனில் கேட்டபோதும் அதே கதையைத்தான் சொன்னேன், நீ கோபப்பட்டது கம்பெனி மேல், எனக்குச் சுட்டது இங்கே.

ஞாயிற்றுக்கிழமை வந்தால்தான் பெரிய கஷ்டம். ஆர்கன் துணி போர்த்தி மூடிக் கிடக்கிறது. போதகர் பாட்டை எக்கச்சக்க உயரத்தில் எடுத்துவிடுவார், பெண்கள் எட்டிப் பிடிக்கமுடியாமல் நடுவிலேயே விட்டுவிடுவார்கள், கடைசிக் கண்ணிக்கு வரும்போது அவரும் இன்னும் இரண்டு மூப்பர்களும்தான் பாடிக்கொண்டிருப்பார்கள். மாமா முதல் பெஞ்சில், தூக்குத்துணியில் கை, மற்றக் கையால் தொடையில் மெல்லத் தாளம் போட்டுக்கொண்டு தலைகுனிந்திருப்பார். கிறிஸ்துமஸ் கீதத்துக்குப் பிள்ளைகளைப் பழக்க ஆளில்லை. கட்டுப் பிரித்தாலும் விரல்கள் பழையபடி ஓடுமா என்று டாக்டர் இப்போது சொல்லமாட்டேன் என்கிறாராம். தபால் ஆபீஸ் பென்ஷன் வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைக்காகவே மற்ற நாளெல்லாம் இருக்கிற மனுஷன் அவர்.

தாங்கமுடியாமல் போன வியாழக்கிழமை அம்மாவும் மாமியும் சபையில் பெண்கள் ஐக்கியக் கூட்டத்துக்குப் போயிருந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுக்குப் போனேன். மாமா இடது கையால் வேட்டி கட்டப் பார்த்து முடியாமல் நின்றுகொண்டிருந்தார். நான் கட்டிவிட்டேன். கட்டிக்கொண்டே, குனிந்தபடியே, முகத்தைப் பார்க்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், பேட்டரிக்கு ஒன்றும் இல்லை, கல்லுக்குப் பயந்து சொன்ன பொய் என்று. தெரியும் வே என்றார் அவர். எப்படித் தெரியும் என்று கேட்டேன். வளைவில நீரு பிரேக் பிடிச்சீரல்லா, என் மூஞ்சிக்கு நேரே செவப்பு லைட்டு பளிச்சுன்னு எரிஞ்சுது, பேட்டரி செத்த வண்டிக்கு லைட்டு எங்ஙன வே எரியும் என்றார். கோபமே இல்லை. பின்னே ஏன் மறுபடியும் தள்ளினீர் என்று கத்தியே விட்டேன். அதற்கு அவர், பயக்க நாலு பேரு நிண்ணானுவ, நான் கையை எடுத்தா அவனுவளும் என்ன ஏதுன்னு குனிஞ்சு பாப்பானுவ, நீரு இந்தத் தெருவில இருக்கண்டாமா என்றார். அப்புறம், இன்னும் ஒருக்க தள்ளினா உம்ம மனசு மாறும்னும் நினைச்சேன் என்றார்.

அங்கேயே உட்கார்ந்து அழுதேன் பிரபின். உன் தாத்தா அடக்கத்தில்கூட நான் அப்படி அழுதது கிடையாது. சபையில் எழுந்து நின்று சொல்லிவிடுகிறேன், ராஜபாய் காலில் விழுகிறேன் என்றேன். அதுதான் வேண்டாம் என்கிறார். அவ கிட்ட ஒரு மூச்சு விடாதையும், தெரிஞ்சா அவ உம்ம வீட்டுப் பச்சத்தண்ணி தொடமாட்டா, பொறவு ரத்னாபாய்க்கு இந்தத் தெருவில யாரு இருக்கா என்றார். அதுவும் சரிதான், அம்மாவுக்கு மாமியை விட்டால் ஒரு கூடப்பிறப்பு இல்லை. அதனால் சொல்லிக் கரைக்கவும் வழியில்லாமல் போனது. இடது கையாலேயே சிந்திச் சிந்தி ஒரு டீ போட்டுத் தந்தார், குடித்துவிட்டு வந்தேன்.

நீ அங்கே வாங்கியிருக்கிற பழைய வண்டியின் டயரை நன்றாகப் பார்த்துக்கொள், அந்த வெயிலுக்கு ரப்பர் வெடிக்கும் என்கிறார்கள். பெல்ட் போடாமல் ரெஷ்மாவை முன்னால் உட்காரவிடாதே. அங்கே வலதுபக்கம் ஓட்டிப் பழகிவிட்டு இங்கே வந்ததும் வளைவில் நிதானம் வேண்டும். யாராவது ஆஸ்பத்திரிக்கு என்று வந்து நின்றால் சாவியை எடுத்துக்கொண்டு பேசு, பேசிவிட்டுச் சாவியைத் தேடாதே. என்னிடமிருந்து இதைக் கேட்க உனக்குச் சிரிப்பு வரலாம்.

மாமா முன்னை மாதிரியேதான் இருக்கிறார். சாயங்காலம் வருவார், பேப்பர் வாசிப்பார், அரசியல் பேசுவார், என்னைக் கேலி பண்ணுவார். ஒன்றே ஒன்றுதான், வண்டியில் ஏறமாட்டேன் என்கிறார். ஏறமாட்டேன் என்று வாயால் சொல்லவில்லை, கட்டு பார்க்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவிடுகிறேன் என்றால் பஸ்ஸில் போவதுதான் அவருக்குச் சுகம் என்கிறார், சபைக்கு வாரும் என்றால் நடந்தால்தான் பசிக்கிறது என்கிறார். இன்றைக்குக் காலையில் என்றும் இல்லாமல் விடியும்போதே நல்ல மழை. அம்மாவும் மாமியும் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். முன்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வாரும் வே என்று கூப்பிட்டேன். நீங்க போங்க, நான் இன்னா வந்துட்டேன் என்று குடையை விரித்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடக்கத் தொடங்கிவிட்டார். தெரு ஒடுக்கம். வலது கை தூக்குத்துணியில், இடது கையில் குடை, வேட்டியைத் தூக்கிப் பிடிக்கக் கையில்லாமல் முழங்கால்வரை நனைந்து போகிறார். எனக்கு ஹார்ன் அடிக்கக் கை வரவில்லை, அவரைத் தாண்டிப் போகவும் மனசு வரவில்லை, பின்னாலேயே ஊர்ந்து போனேன். இந்த மனுஷனுக்கு என்ன கிறுக்கு, இவ்வளவு மழையில நடக்கிறாரே, வண்டி சும்மால்லா வருது என்று மாமி சிரிக்கிறாள், அம்மாவும் கூடச் சிரிக்கிறாள். மெயின்ரோட்டு முனை வந்ததும் அவர் வண்டிச் சத்தம் கேட்டு ஓரமாக ஒதுங்கி நின்று, குடையை அசைத்துப் போகச் சொன்னார், முன்பின் தெரியாத ஒரு வண்டிக்காரனுக்கு வழிவிடுகிற மாதிரி. என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் போய்விட்டேன்.

கம்பெனிக்கு எழுதிவிடாதே, மறந்துவிடாதே. லீவுக்கு வரும்போது அம்மாவுக்குப் பேரீச்சம்பழம் போதும், வேறு ஒன்றும் தூக்கிக்கொண்டு வரவேண்டாம். கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காத்து, ஒரு சேதமும் இல்லாமல் எங்கள் கண்ணில் கொண்டுவந்து சேர்ப்பாராக. கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு நீ வண்டியை எடு. மாமாவை நீயே போய்க் கூப்பிடு, முன்சீட்டில் உட்காரவை. நான் அன்றைக்கு முந்தியே கிளம்பி நடந்து போய்விடுகிறேன். வண்டியில் நான் இல்லையென்றால் ஏறுவார் என்றுதான் நினைக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
ராஜையன்